வாயில்லாச் சீவனின் திடீர் நோய்

பெங்களூரில் கஸ்தூரிபா சாலை அரசு அருங்காட்சியகத்தில் ஆதகூர்க் கல் என்னும் நடுகல் ஒன்று இருக்கின்றது. கி.பி. 10-ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியைச் சேர்ந்தது அது. சோழ இளவரசன் இராசாதித்தன் வீழ்ந்த தக்கோலப் போரின் செய்தியை அதன் கன்னட எழுத்துகள் கூறுகின்றன. அப்போரில் சிறப்புற்ற மணலேரன் என்னும் வீரன், மன்னனிடம் பரிசாகக் கேட்டுப் பெற்றது காளி என்னும் வேட்டை நாய். அந்நாய் பெரிய காட்டுப்பன்றி ஒன்றோடு பொருது தானும் மடிந்தது. அதன் நினைவாகவே அக்கல் நாட்டப்பட்டது. தமிழ்நாட்டிலும் இத்தகைய கல் உண்டு. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் உள்ள மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல், கள்வரைக் கடித்துத் தன் தலைவனைக் காத்து நின்ற கோவிவன் என்னும் நாயைப் பெயர் சொல்லிப் போற்றுகின்றது.

நன்றியுள்ள அப்பிராணியின்மீது அன்பு கொள்வதில் தமிழருக்கும் கன்னடருக்கும் வேறுபாடு இல்லை. காளியும் கோவிவனும் எதிர்கொண்ட பகை கண்ணெதிரே நின்றது. இன்று நம் வீட்டு நாய்களை வீழ்த்தும் பகையோ பெரும்பாலும் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. நேற்று மாலை வாசலில் துள்ளி விளையாடிய நாய், இன்று காலையில் மூலையில் சுருண்டு கிடக்கின்றது. உணவை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கின்றது. அடிபடவும் இல்லை, கெட்டதைத் தின்றதாகவும் தெரியவில்லை. வீட்டார் திகைத்துப் போகின்றனர். அத்தகைய வேளையில் நாம் செய்யத்தக்கன எவை, தகாதன எவை என்பதை இங்குக் காண்போம்.

பெங்களூர் அல்சூரை எடுத்துக்கொண்டு இதனை விளக்குவது பொருத்தமாகும். 1809-ஆம் ஆண்டில் பெங்களூரில் ஆங்கிலேயரின் படைக்குடியிருப்பு அமைந்தபின், சென்னை மாகாணத்திலிருந்து படைவீரரும், வணிகரும், கட்டட வேலையாட்களும் வந்து குடியேறிய பகுதிகளுள் அல்சூரும் ஒன்று. அதன் ஏரிக்கரையை ஒட்டி மதராஸ் சாப்பர்கள் எனப்படும் பொறியாளர் படையின் தலைமையிடம் உள்ளது. 1950-இல் தோன்றிய பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் அங்கே இயங்குகின்றது. 2009-இல் திறந்து வைக்கப்பட்ட திருவள்ளுவர் சிலையும் ஏரியருகே நிற்கின்றது. நெருங்கிய தெருக்களிலும் புதிய அடுக்குமாடி வீடுகளிலும் நாய் வளர்ப்போர் பலர். ஒருபுறம் ஏரி, மறுபுறம் மழைநீர்க் கால்வாய், தெருவெங்கும் உரிமையாளரற்ற நாய்கள், எலிகள், ஆண்டு முழுதும் மிதமான வெப்பம். இச்சூழலில் ஒரு நாய்க்கு என்னென்ன நேரக்கூடும் என்று அறிந்தால், மும்பையிலோ, தில்லியிலோ, ஐதராபாத்திலோ வாழும் நம்மவருக்கும் அது பயன்படும்.

முதற்கண் ஓர் உண்மையை மனத்திற் கொள்ளுதல் வேண்டும். திடீர் நோய் என்று நாம் சொல்வனவற்றுள் பல, உண்மையில் திடீரென வந்தவை அல்ல. நாய் தன் தளர்ச்சியை எளிதில் வெளிக்காட்டாத பிராணி. உடலுக்குள் நோய் சில நாட்களாகவோ சில வாரங்களாகவோ வளர்ந்து, மறைக்க இயலாத நிலை வரும்போதுதான் நம் கண்ணுக்குத் தெரிகின்றது. ஆகவே, “நாளைக் காலைவரை பார்ப்போம்” என்று நாம் ஒத்திப்போடும் இரவு, நோயின் முதல் இரவாக இருத்தல் அரிது. நோயின் பெயர் பின்னர்த் தெரியட்டும். பொழுதை வீணாக்காமையே முதற் கடமை.

உணவை ஒரு வேளை மட்டும் மறுத்து, மற்றபடி தெளிவாக இருக்கும் வளர்ந்த நாயைச் சில மணி நேரம் கவனித்திருக்கலாம். ஆனால் சில குறிகள் தோன்றினால் இரவென்றும் பகலென்றும் பாராமல் மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும். எழுந்து நிற்க இயலாமை, மூச்சுத் திணறல், வலிப்பு, மூக்கிலோ வாயிலோ சிறுநீரிலோ இரத்தம், ஓயாத வாந்தி, ஒரு பகல் முழுதும் சிறுநீர் கழியாமை ஆகியன அவை. பெரிய உடலும் ஆழ்ந்த மார்பும் உடைய நாய், வயிறு உப்பி, வாந்தியெடுக்க முயன்றும் ஒன்றும் வராமல் தவித்தால், இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். அங்கே சில மணி நேரமே உயிருக்கும் சாவுக்கும் இடையில் நிற்கின்றது. நாய்க்குட்டிகளுக்கு எந்நோயிலும் காத்திருப்பு ஆகாது. அவற்றின் உடலில் நீரும் சர்க்கரையும் விரைவில் வற்றிவிடும்.

நாயைத் தொட்டுப் பார்ப்பதற்கு முன் நம்முடைய பாதுகாப்பை நினைத்தல் வேண்டும். வெறிநோய் கண்ட நாய் எல்லாமே சீறிப் பாய்ந்து கடிக்கும் என்று பலர் எண்ணுகின்றனர். ஊமை வெறி என்றொரு வகை உண்டு. அதில் நாய் ஒதுங்கிக் கிடக்கும். தாடை தொங்கும், எச்சில் வழியும், குரல் மாறும், நீரை விழுங்க முடியாது. தொண்டையில் எலும்பு சிக்கியிருக்குமோ என்று அன்பினால் வாய்க்குள் கையை விடுவோர் பெரும் ஆபத்துக்கு ஆளாவர். தடுப்பூசி முறையாகப் போடப்படாத நாயிடமோ, அண்மையில் தெருநாயிடம் கடிபட்ட நாயிடமோ இக்குறிகள் தோன்றினால், அதன் வாயைத் தொடாமல் ஓர் அறையில் தனியே அடைத்துவிட்டு, மருத்துவரை அழைக்க வேண்டும்.

கடியோ கீறலோ பட்டால், அல்லது புண் உள்ள தோலில் எச்சில் பட்டால், ஓடும் நீரில் சோப்பு இட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, காப்பிப்பொடி எதனையும் அப்புதல் கூடாது. உடனே மருத்துவமனை சென்று ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். காயத்தின் தன்மையைப் பொறுத்து, தடுப்பூசியோடு காயத்தைச் சுற்றி எதிர்ப்பு மருந்தும் செலுத்துவர். நீலகிரியில் குன்னூர்ப் பாஸ்டர் நிலையம் 1907-இல் தொடங்கிய காலத்திலிருந்து இந்நோயை எதிர்த்து நம் நாடு போராடி வருகின்றது. முன்னாளில் வயிற்றைச் சுற்றிப் போட்ட ஊசிகள் இன்று வழக்கில் இல்லை. புதிய ஊசிகள் தோள்பட்டையில் போடப்படுவன, பாதுகாப்பானவை. ஆனால் மனிதரிடத்தில் நோய்க்குறிகள் தோன்றிய பின் பிழைத்தல் மிகமிக அரிது. ஆதலின் ஊசியை ஒருநாளும் தள்ளிப்போடல் ஆகாது.

இத்தகைய ஐயம் இல்லாதவிடத்து, நாயை அமைதியாகப் பரிசோதிக்கலாம். மேலுதட்டை மெல்ல உயர்த்தி ஈறுகளைப் பாருங்கள். நலமுள்ள நாயின் ஈறு இளஞ்சிவப்பாக இருக்கும். கருமை படிந்த ஈறுடைய நாய்களுக்குக் கீழிமையின் உட்புறத்தைப் பார்க்கலாம். ஈற்றை விரலால் அழுத்தி எடுத்தால், வெளுத்த இடம் 2 வினாடிக்குள் மீண்டும் சிவக்க வேண்டும். ஈறு சுண்ணாம்பு போல் வெளுத்திருந்தால் இரத்தம் குறைந்துள்ளது. மஞ்சளித்தால் கல்லீரலோ இரத்த அணுக்களோ கெட்டுள்ளன. செம்புள்ளிகள் தோன்றினால் தோலுக்கடியில் இரத்தம் கசிகின்றது.

நாயின் மூக்கு ஈரமாக உள்ளதா, உலர்ந்துள்ளதா என்று பார்த்துக் காய்ச்சலை அறியலாம் என்பது நம்பத்தக்கதன்று. வெப்பமானியின் முனையில் சிறிது எண்ணெய் தடவி மலவாயில் வைத்துப் பார்ப்பதே முறை. நாயின் இயல்பான உடல் வெப்பம் பாரன்ஹீட் அளவில் 101 முதல் 102.5 வரை. மனிதருக்குக் காய்ச்சல் எனப்படும் அளவு நாய்க்கு இயல்பானது என்பதை மறவாதீர்கள். 104-ஐ எட்டினாலும், 99-க்குக் கீழே இறங்கினாலும் காலம் தாழ்த்தலாகாது. நாய் உறங்கும்போது மார்பு உயர்ந்து தாழ்வதை ஒரு நிமிடம் எண்ணுங்கள். 30-க்கு மேற்பட்டால் அதனையும் குறித்துக்கொள்ளுங்கள்.

செய்யத் தகாதவற்றை இனிக் கூறுவோம். நமக்குக் காய்ச்சல் வந்தால் விழுங்கும் பாராசிட்டமால் மாத்திரையை நாய்க்குக் கொடுப்போர் பலர். மருத்துவர் அளவறிந்து சொல்லாமல் கொடுக்கும் அம்மாத்திரை நாயின் கல்லீரலையும் இரத்தத்தையும் கெடுக்கக்கூடும். மூட்டு வலிக்கு நாம் உண்ணும் இபுபுரோபன் முதலிய மாத்திரைகள் இரைப்பையிற் புண்ணையும் சிறுநீரகத்திற் கேட்டையும் விளைக்கும். வாந்தி எடுக்க வைப்பதற்காக உப்புக் கரைத்த நீரை ஊற்றுவதும் தீங்கானது. சோர்ந்து கிடக்கும் நாயின் வாயைத் திறந்து பாலையோ கஞ்சியையோ ஊற்றினால், அது மூச்சுக்குழலிற் புகுந்து நுரையீரல் அழற்சியை உண்டாக்கும். உண்ணி போகும் என்று மண்ணெண்ணெய் தடவினால் தோல் வெந்துவிடும். நாய் அதனை நக்கினால் நஞ்சாகவும் முடியும். சென்ற ஆண்டு வேறொரு நோய்க்கு எழுதித் தந்த சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் மாத்திரை வாங்குவதும் தவறு.

இனி, பெங்களூர் போன்ற ஊர்களில் காரணம் தெரியாத காய்ச்சலோடு நாய் வந்தால் கால்நடை மருத்துவர் முதலில் ஐயுறுவது எதனை? உண்ணிக் காய்ச்சலையே. உண்ணியினால் பரவும் நோய்கள் ஒன்றல்ல, பல. அவற்றுள் இரண்டு நம் பகுதியில் மிகுதியாகக் காணப்படுகின்றன. அவற்றின் வரலாற்றில் நம் சென்னைக்கும் பங்கு உண்டு.

முதலாவது பபீசியா என்னும் நுண்ணுயிரால் வருவது. அது இரத்தச் சிவப்பணுக்களுக்குள் புகுந்து அவற்றை உடைக்கின்றது. அதனால் ஈறு வெளுக்கும், சிறுநீர் கறுத்துத் தேயிலைக் கஷாயம் போலாகும். இவ்வினத்துள் சிறிய உருவுடைய ஒருவகையை உலகுக்கு முதன்முதலில் அறிவித்தவர் பாட்டன் என்னும் ஆய்வாளர். 1910-ஆம் ஆண்டில் வெளியான அவருடைய அறிக்கை, சென்னை வேட்டைச் சங்கத்தின் நாய்களுடைய இரத்தத்தில் அதனைக் கண்டதாகவும், பின்னர் நரியின் இரத்தத்திலும் கண்டதாகவும் கூறுகின்றது. பபீசியா கிப்சோனி என்று அதனை இன்று வழங்குகின்றனர். அதனை முற்றிலும் ஒழிப்பது இன்றும் எளிதன்று.

இரண்டாவது எர்லிக்கியா என்னும் பாக்டீரியாவால் வருவது. அது வெள்ளணுக்களைப் பற்றி வாழ்கின்றது. 1935-இல் அல்ஜீரியாவில் ஆய்வு செய்த பிரெஞ்சு அறிஞர்கள் அதனைக் கண்டறிந்தனர். இந்தியாவில் அது முதன்முதல் அறிவிக்கப்பட்டது சென்னையில், 1944-இல். எனினும் உலகம் அதனைப் பெரிதாகக் கருதவில்லை. 1960-களின் பிற்பகுதியில் வியட்நாம் போரில் அமெரிக்கப் படையினரோடு சென்ற ஜெர்மன் ஷெப்பர்டு நாய்கள் காய்ச்சலுற்று, மெலிந்து, மூக்கிலிருந்து இரத்தம் ஒழுக மடியத் தொடங்கின. நூற்றுக்கு மேற்பட்ட நாய்கள் இறந்தன. காரணம் முதலில் எவருக்கும் புரியவில்லை. ஆராய்ந்து பார்த்தபோது, பழைய அல்ஜீரிய நோயே அது என்று தெரிந்தது. டெட்ராசைக்கிளின் இன மருந்து அதற்கு உதவுவதும் தெரிந்தது. இன்று அவ்வினத்தைச் சேர்ந்த டாக்சிசைக்கிளின் என்னும் எளிய மருந்தையே மருத்துவர் பெரிதும் பயன்படுத்துகின்றனர். ஒரு படையின் மருத்துவரையே திகைக்க வைத்த நோய்க்கு இன்று அல்சூரில் ஒரு சிறு மருந்தகத்திலும் மருந்து கிடைக்கின்றது. உரிய காலத்தில் இரத்தத்தைச் சோதித்தல் ஒன்றே தேவை.

இந்நோய் மூன்று படிகளாக நடப்பதையும் அறிதல் நலம். உண்ணி கடித்து ஏறத்தாழ 8 முதல் 20 நாட்களுக்குள் காய்ச்சலும் சோர்வும் தோன்றும். சில வாரங்களில் அவை தாமே அடங்கிவிடவும் கூடும். வீட்டார் நோய் நீங்கிற்று என்று மகிழ்வர். உண்மையில் அது உடலுக்குள் மறைந்து, மாதக்கணக்கிலும் சில வேளை ஆண்டுக்கணக்கிலும் தங்கியிருக்கும். அதன்பின் சில நாய்களில் எலும்பு மச்சையைத் தாக்கி மீண்டும் தலைதூக்கும். அப்போது இரத்த அணுக்கள் உண்டாவதே நின்றுபோவதால், மருந்து பயனளிப்பது கடினமாகின்றது. முதற்படியில் சிகிச்சை பெற்ற நாய் ஓரிரு நாட்களிலேயே எழுந்து உண்ணத் தொடங்கும். அதனைக் கண்டு மருந்தை நிறுத்திவிடக் கூடாது. மருத்துவர் வழக்கமாக 4 வாரம் வரை மருந்து தருவதன் காரணம் இதுவே.

இரத்தச் சோதனையில் முக்கியமாகப் பார்ப்பது தட்டணுக்களின் எண்ணிக்கை. இரத்தத்தை உறையச் செய்பவை அவை. நலமுள்ள நாய்க்கு ஒரு மைக்ரோலிட்டரில் ஏறத்தாழ 2 லட்சத்துக்கு மேல் இருக்கும். இந்நோயில் அது 50,000-க்கும் கீழே இறங்கக்கூடும். அதனாலேயே மூக்கில் இரத்தம் வருகின்றது. கண்ணாடித் துண்டில் ஒரு துளி இரத்தத்தைத் தடவி நுண்ணோக்கியில் பார்த்தல், சில நிமிடங்களில் விடை தரும் சோதனைப் பெட்டி, நோய்க்கிருமியின் மரபணுவைக் காணும் சோதனை எனப் பலவகை உண்டு. எதனைச் செய்வது என்பதை மருத்துவர் முடிவு செய்வார்.

“எங்கள் நாய் மாடியைவிட்டு இறங்குவதே இல்லை. அதற்கு உண்ணி எங்கிருந்து வரும்?” என்று சிலர் கேட்கின்றனர். பழுப்பு நாய்உண்ணி எனப்படும் இவ்வகை, வீட்டுக்குள்ளேயே குடியிருக்க வல்லது. இரத்தம் குடித்த பெண் உண்ணி நாயின் உடலைவிட்டு இறங்கிச் சுவர் வெடிப்பிலும், கதவுச் சட்டத்தின் இடுக்கிலும், பாய்க்கு அடியிலும் ஆயிரக்கணக்கான முட்டைகளை இடும். குஞ்சு, இளவுண்ணி, முதிர்ந்த உண்ணி என்னும் ஒவ்வொரு பருவத்திலும் அது நாயின்மீது ஏறிக் குடித்து, மீண்டும் இறங்கி ஒளியும். உணவின்றிப் பல மாதம் உயிர்வாழும். ஆகவே நாயைக் குளிப்பாட்டினால் மட்டும் உண்ணி ஒழியாது. சுவர் வெடிப்புகளை அடைத்தல், படுக்கைத் துணியைக் கொதிநீரில் துவைத்தல், மருத்துவர் சொல்லும் மாத்திரையையோ கழுத்துப் பட்டையையோ ஆண்டு முழுதும் தவறாது பயன்படுத்தல் ஆகிய மூன்றும் சேர்ந்து நடைபெற வேண்டும். காதின் உட்புறம், விரல்களின் இடுக்கு, கழுத்துப் பட்டையின் அடிப்பகுதி ஆகியவற்றை நாள்தோறும் பாருங்கள். உண்ணியை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். விரலால் நசுக்காதீர்கள்.

இவ்வளவு கூறியதனால் எல்லாக் காய்ச்சலையும் உண்ணிக் காய்ச்சல் என்று கொண்டுவிடலாகாது. ஒரே குறி பல நோய்களுக்கு உரியதாக இருக்கும். மூக்கில் இரத்தம் வருவதையே எடுத்துக்கொள்வோம். பக்கத்துக் கடையில் எலிக்கு வைத்த நஞ்சை நாய் தின்றிருந்தாலும் அவ்வாறே நேரும். அந்த நஞ்சு இரத்தம் உறைவதைத் தடுக்கும் தன்மையது. தின்ற அன்று ஒன்றும் தெரியாது. மூன்று நான்கு நாட்கள் கழித்தே இரத்தக் கசிவு தொடங்கும். அதற்கு மாற்று மருந்து வைட்டமின் கே. காலத்தில் கொடுத்தால் பிழைக்கும். உண்ணிக் காய்ச்சல் என்று கருதி வேறு மருந்து கொடுத்துக்கொண்டிருந்தால் நாய் இறந்துவிடும். ஆகவேதான் சென்ற வாரம் அக்கம்பக்கத்தில் எலி மருந்து வைத்தார்களா என்று மருத்துவர் வினவுகின்றார்.

மழைக்காலத்தில் தேங்கிய நீரை நக்கிய நாய்க்கு வாந்தியும் மஞ்சள் நிறமும் தோன்றினால், எலியின் சிறுநீரால் பரவும் லெப்டோஸ்பைரா நோயாக இருக்கலாம். கால்வாய் ஓரத்து வீடுகளில் இதனை நினைவிற் கொள்ள வேண்டும். இந்நோய் மனிதருக்கும் தொற்றும். ஆதலின் அத்தகைய நாயின் சிறுநீரைக் கையுறை அணிந்தே துடைக்க வேண்டும். நாய்க்குட்டி இரத்தம் கலந்த நாற்றமுள்ள கழிச்சலோடு துவண்டால் பார்வோ நோயை ஐயுறுவர். 1978-இல் தோன்றிச் சில ஆண்டுகளில் உலகெங்கும் பரவிய நச்சுயிர் அது. தரையிலும் மண்ணிலும் பல மாதம் அழியாது கிடக்கும். கருப்பை நீக்கப்படாத பெண் நாய், பருவம் முடிந்த சில வாரங்களில் மிகுதியாக நீர் குடித்துச் சோர்ந்து போனால், கருப்பையில் சீழ் கட்டியிருக்கலாம். அறுவைச் சிகிச்சை ஒன்றே பெரும்பாலும் அதற்கு வழி.

நம் சமையலறையும் சில வேளை காரணமாகின்றது. வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். திராட்சையும் உலர்ந்த திராட்சையும் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடும். அதற்குக் காரணம் அவற்றிலுள்ள டார்டாரிக் அமிலமே என்று அண்மைக்கால ஆய்வாளர் கருதுகின்றனர். அவ்வமிலம் புளியில் மிகுதி. ஆதலின் சாம்பாரும் புளிக்குழம்பும் கலந்த சோற்றை நாய்க்கு வைக்கும் வழக்கத்தை விட்டுவிடுதல் நல்லது. சாக்கலேட்டும், வேகவைத்த கோழி எலும்பும் அவ்வாறே விலக்கத்தக்கவை.

இனி, வெளிமாநிலத்தில் வாழும் நம்மவருக்குச் சிறப்பாக ஒன்று கூற வேண்டும். நோயுற்ற குழந்தை வலிக்கும் இடத்தைக் காட்டும். நாய்க்கு அதுவும் இயலாது. அதன் சார்பில் மருத்துவரிடம் பேசவேண்டியவர் நாமே. அந்தப் பேச்சும் நம் தாய்மொழியில் அமையாதபோது, பதற்றத்தில் பாதிச் செய்தி விடுபட்டுப் போகின்றது. அல்சூரில் தமிழ் அறிந்த மருத்துவர் கிடைப்பர். பிற ஊர்களில் அவ்வாறு அமையாது. இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. வீட்டில் இருக்கும்போதே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எந்த நாளில், எந்த மணிக்கு உணவை மறுத்தது, எத்தனை முறை வாந்தி, அதன் நிறம் என்ன, கழிச்சலும் சிறுநீரும் எவ்வாறு இருந்தன, உடல் வெப்பம் எவ்வளவு, கடைசியாகத் தடுப்பூசியும் குடற்புழு மருந்தும் எப்போது கொடுத்தது, என்ன தின்றது, எங்கே சென்றது, உடலில் உண்ணி இருந்ததா, நாமாக என்ன மருந்து கொடுத்தோம். எண்களும் மணிகளும் எம்மொழியார்க்கும் புரியும். நாய் நடக்கும் தள்ளாட்டத்தையோ வலிப்பையோ கைப்பேசியில் படம் பிடித்துக் காட்டினால், ஒரு சொல்லும் தேவைப்படாது.

சில சொற்களையேனும் அவ்வூர் மொழியில் அறிந்துவைப்பதும் நலம். உண்ணி என்றால் கன்னடருக்கும் மலையாளிக்கும் ஏறக்குறைய விளங்கிவிடும். இந்தியில் அதனைக் கில்னி என்பர். மராத்தியில் கோச்சீட் என்பர். மருந்து கொடுத்திருந்தால் அதனை மறைக்காமல் சொல்லுங்கள். மருத்துவர் கோபிப்பாரோ என்று அஞ்சி மறைத்த மாத்திரையே நோயைத் தவறாகக் காட்டிவிடும்.

எங்கே செல்வது என்பதையும் நாய் நலமாக இருக்கும்போதே கேட்டறிந்து வைக்க வேண்டும். பெங்களூரில் ஹெப்பாளில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி 1958 முதல் நடைபெறுகின்றது. அதனோடு இணைந்த மருத்துவமனையில் பல துறை வல்லுநர்கள் உள்ளனர். குயின்ஸ் சாலையில் அரசுக் கால்நடை மருத்துவமனை உண்டு. நம் சென்னை வேப்பேரியில் 1903-இல் தோன்றிய கல்லூரியின் மருத்துவமனையைப் போலவே, பிற மாநிலத் தலைநகர்கள் பலவற்றிலும் இத்தகைய கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. அங்கே கட்டணமும் பொதுவாகக் குறைவு. இரவில் திறந்திருக்கும் மருந்தகம் எது, நாயை ஏற்றிச்செல்ல இசையும் வண்டி எது என்பவற்றையும் குறித்து, சுவரில் ஒட்டி வையுங்கள். நள்ளிரவில் தேடுவதற்கு மனமும் ஓடாது, கையும் ஓடாது.

எல்லாம் செய்த பின்னும் சில வேளை நோயின் பெயர் கிடைப்பதில்லை. இரத்தச் சோதனை ஒன்றும் காட்டாது. நுண்ணோக்கியில் கிருமி தென்படாது. அதற்காக மருத்துவரை ஒரே நாளில் மாற்றி மாற்றி ஓடுதல் நாய்க்குத் துன்பமே தரும். பெயர் தெரியாத நிலையிலும் நீர்ச்சத்தை நரம்பு வழியே ஏற்றலாம், வாந்தியை அடக்கலாம், வலியைத் தணிக்கலாம், ஓரிரு நாளில் சோதனையைத் திரும்பச் செய்யலாம். முதல் நாளில் மறைந்திருந்த நோய் மூன்றாம் நாளில் வெளிப்படுவதும் உண்டு. மருத்துவரிடம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இப்போது எதனை ஐயுறுகின்றீர்கள்? எந்தக் குறி கண்டால் உடனே திரும்பி வர வேண்டும்? எவ்வளவு செலவாகும்? மூன்றாவது கேள்விக்கு நாணப்பட வேண்டுவதில்லை. கையிலுள்ள பொருளுக்கேற்ப எந்தச் சோதனையை முன்னே செய்வது, எதனைப் பின்னே செய்வது என்று அவர் வகுத்துத் தருவார்.

நோயுற்ற நாயை வீட்டில் தனியிடத்தில், காற்றோட்டமுள்ள நிழலில் கிடத்துங்கள். மற்ற நாய்களைப் பிரித்து வையுங்கள். பலர் கூடி நின்று தடவிக் கொடுப்பதைவிட, பழகிய ஒருவர் அருகில் அமைதியாக இருத்தலே அதற்கு ஆறுதல். ஒரே வீட்டில் ஒருவர் மருந்து கொடுத்ததை அறியாமல் மற்றவரும் கொடுப்பது உண்டு. ஆகவே அப்பொறுப்பை ஒருவரே ஏற்று, கொடுத்த மணியைக் குறித்து வைக்க வேண்டும்.

எல்லா நாய்களும் பிழைப்பதில்லை என்பதையும் மறைத்தல் ஆகாது. மீள இயலாத வலியில் கிடக்கும் உயிரை வலியின்றி அமைதியாக முடியச் செய்யும் முறை உண்டு. அதனை மருத்துவர் எடுத்துச் சொல்வாராயின், பாவம் என்று உடனே மறுத்துவிடாமல், இனி அதற்கு ஒருநாளேனும் நலமாகக் கழியுமா என்று கேட்டுப் பின் முடிவு செய்யுங்கள். காரணம் தெரியாமலே நாய் இறந்துவிட்டால், கால்நடை மருத்துவக் கல்லூரியில் பிணப்பரிசோதனை செய்யக் கேட்கலாம். வீட்டில் வேறு நாய்கள் இருந்தாலோ, இறந்த நாய் எவரையேனும் கடித்திருந்தாலோ இது மிகவும் இன்றியமையாதது. வீட்டுப் பிள்ளைகளிடம் நாயை ஊருக்கு அனுப்பிவிட்டோம் என்று பொய் சொல்ல வேண்டா. நோயுற்றது, நாம் இயன்றதைச் செய்தோம், இறந்துவிட்டது என்று உள்ளதைச் சொன்னால் அவர்கள் அழுது ஆறுவர்.

உறவினர் தொலைவில் இருக்க, அயலூரில் வாழும் குடும்பத்திற்கு வாசலில் காத்திருக்கும் நாய் ஓர் உறவாகவே ஆகிவிடுகின்றது. அவ்வுறவுக்கு நாம் செய்யத்தக்கது பெரிய செயல் ஒன்றும் இல்லை. நாள்தோறும் ஒருமுறை அதன் காதையும் ஈற்றையும் பார்த்தல், ஆண்டுதோறும் ஊசியைத் தவறாது போடுதல், உண்ணியை வீட்டில் அண்டவிடாமை, உணவை மறுத்த நேரத்தைக் குறித்தல், காலத்தில் மருத்துவரிடம் சேர்த்தல் ஆகிய இவையே. பெயரறியா நோய்களுள் பலவற்றை இப்பழக்கங்களே வெல்லுகின்றன.